ஒன்றரை மீட்டர் அகலம்

கார் ஷோரூமுக்குப் போனால் எல்லாவற்றையும் சொல்வார்கள். திரை எத்தனை அங்குலம், கூரைக் கண்ணாடி திறக்குமா, சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வருமா, எல்லாம் வரும். வண்டி எவ்வளவு அகலம் என்று அவர்களாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மேற்கு மாம்பலத்தில் குடியிருந்து கார் ஓட்டுகிறவளுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

என்னுடையது 2008 மாடல் சான்ட்ரோ ஜிங். பெரியப்பா ஓட்டிய வண்டி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஓட்டும் ஆசை விட்டுப்போய், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நீளம் 3,565 மில்லிமீட்டர், அகலம் 1,525, உயரம் 1,590. இந்த மூன்று எண்களும் எனக்கு மனப்பாடம். இவ்வளவு வருஷமாக இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கும் காரணம் முழுக்க அந்த எண்களில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு கேட் ஆறடி. தாத்தா காலத்தில் சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும் போய்வர வைத்தது. ஆறடி என்றால் 1,829 மில்லிமீட்டர். சான்ட்ரோவை நேராக விட்டால் இரண்டு பக்கமும் அரையடி அரையடி இடம் நிற்கும். பக்கக் கண்ணாடியை மடக்கவேண்டும், அவ்வளவுதான். இன்றைக்குத் தெருவுக்கு நாலு நிற்கிற கிரெட்டாவின் அகலம் 1,790. அதை எங்கள் கேட்டில் விட்டால் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. உள்ளே போய்விட்டாலும் கதவைத் திறந்து இறங்க முடியாது. என் தம்பி அதே உருவத்தில் ஒரு வண்டி வைத்திருக்கிறான். அவன் ஊரிலிருந்து வந்தால் வண்டியைத் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்கு எதிரே நிறுத்திவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து வருகிறான். முகூர்த்த நாளாக இருந்தால் அங்கேயும் இடமில்லை.

கேட்டைத் தாண்டினால் தெரு. முப்பதடி ரோடு என்று பத்திரத்தில் இருக்கும். காலை ஏழு மணிக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் வரிசையாக ஸ்கூட்டர், இன்னொரு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர், அதை ஒட்டி இஸ்திரி வண்டி, தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி பாதி ரோட்டில், வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் மாமி. ஓட்டுவதற்கு மிஞ்சுவது ஏழடி, எட்டடி. எதிரே பள்ளிக்கூட வேன் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கியே ஆகவேண்டும். ஒதுங்க முடிந்தவர்தான் ஒதுங்க முடியும். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே ஒரு கார் மூக்கை நுழைக்கிற அளவு இடம் கிடைத்தால் போதும், சான்ட்ரோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும், வேன் போய்விடும், மாமியின் கோலமும் தப்பிக்கும். இந்த வண்டியின் திருப்பு ஆரம் 4.4 மீட்டர். அதாவது ஒன்பது மீட்டர் சாலை காலியாகக் கிடைத்தால், ரிவர்ஸ் போடாமல் ஒரே வளைப்பில் யூ-டர்ன் அடித்துவிடலாம். துரைசாமி சப்வே பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்ட நாட்களில் இதன் அருமை தெரியும். முன்னால் போனவர் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் திரும்பிவிடலாம்.

அகலம் குறைந்த காரில் உள்ளே நெருக்கமாக இருக்காதா என்று கேட்பீர்கள். தோள் பக்கம் நெருக்கம்தான். பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் கையை மடியில்தான் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் தலைக்கும் முழங்காலுக்கும் தாராளம். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது ஜப்பானில் தொடங்குகிறது.

ஜப்பானில் ‘கெய்’ என்று ஒரு கார் வகை உண்டு. அரசு அளவு வைத்திருக்கிறது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. அதைத் தாண்டாத வண்டிக்கு வரிச்சலுகை. நீளத்தையும் அகலத்தையும் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். உயரத்துக்கு மட்டும் இரண்டு மீட்டர் வரை விட்டுவைத்தார்கள். இடம் வேண்டுமென்றால் மேலேதான் போயாகவேண்டும். 1993-இல் சுஸுகி அங்கே வேகன் ஆர் கொண்டுவந்தது இந்த யோசனையில்தான். உட்காருபவரை நிமிர்த்தி உயர உட்கார வைத்தால் கால் நீட்டும் நீளம் குறையும், அந்த நீளம் பின்சீட்டுக்குக் கிடைக்கும். கொரியாவில் ஹூண்டாய் இதே போக்கில் ஏடோஸ் என்று ஒரு காரைச் செய்தது. அதை இந்தியாவுக்காக மாற்றி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையில் செய்து, 1998 செப்டம்பரில் சான்ட்ரோ என்ற பெயரில் இறக்கினார்கள்.

அந்த வருஷம் சின்ன கார்களுக்குப் பெரிய வருஷம். மாட்டிஸ் வந்தது, டிசம்பரில் டாடாவின் இண்டிகா வந்தது. அதுவரை ஊர் முழுக்க மாருதி 800-தான், அதில் கார்புரேட்டர். சான்ட்ரோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். ஷாருக் கான் விளம்பரத்தில் வந்தார். தலை தூக்கி நிற்கும் அதன் உருவத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தபிறகு வாங்கினார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் மாருதியும் வேகன் ஆரை இங்கே கொண்டுவந்துவிட்டது. 2003-இல் முகம் மாற்றி, 1,086 சி.சி. எஞ்சினோடு வந்ததுதான் என்னிடம் இருக்கும் ஜிங்.

இந்த உயரத்தின் பலனை நான் அம்மாவிடம்தான் பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. தாழ்ந்த காரில் ஏறுவது அவருக்கு இரண்டு வேலை: முதலில் குனியவேண்டும், பிறகு பின்புறமாக விழுகிற மாதிரி உட்காரவேண்டும். இறங்கும்போது முழு உடம்பையும் முழங்காலால் தூக்கவேண்டும். அந்த ஒரு நொடியில் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. உயரமான எஸ்.யு.வி.யில் வேறு கஷ்டம். காலைத் தூக்கி வைத்து ஏறவேண்டும், அதற்கும் முழங்கால்தான் மடங்கவேண்டும். சான்ட்ரோவின் சீட் இரண்டுக்கும் நடுவில், சரியாக இடுப்பு மட்டத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து, பின்பக்கமாகத் திரும்பி அப்படியே உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொள்கிறார். “நம்ம வீட்டு நாற்காலில உட்கார்ற மாதிரியே இருக்கும்மா” என்று முதல் தடவையே சொன்னார். பிசியோதெரபிக்கு அழைத்துப் போன மாதங்களில் ஆட்டோ, டாக்சி எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா கேட்டு ஏறுகிற வண்டி இது ஒன்றுதான். வயதானவர்கள் உள்ள வீட்டில் கார் வாங்கும்போது அவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். வேறு எந்த டெஸ்ட் டிரைவையும்விட அது முக்கியம்.

சரி, மைலேஜ். என்னிடம் எல்லோரும் கேட்பது இதைத்தான். சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி அளந்து இந்த வண்டிக்குக் கொடுத்த கணக்கு லிட்டருக்கு 17.92 கிலோமீட்டர். எனக்கு ஏ.சி. போட்டு நகருக்குள் 12, 13 கிடைக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வெளியே போனால் 17-ஐத் தொடும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, ஆக ஊருக்குள் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சம். அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் முள் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். பங்க்கில் டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள், குழாய் தானாக ‘டக்’ என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாயை முழுசாக்க அதற்கு மேல் ஊற்றவிடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். அடுத்த தடவை அதே பங்க்கில் அதேபோல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ, அதால் ஓடிய கிலோமீட்டரை வகுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டவேண்டாம், நாலைந்து தடவை பார்த்தால் உண்மை தெரியும்.

மைலேஜ் கூட, குறைய நம் வலது கால்தான் காரணம் என்று சொல்வார்கள். கண் என்று சொல்வேன் நான். பெட்ரோலை எரித்து வண்டியை ஐம்பதுக்குக் கொண்டுபோகிறோம். சிக்னலில் சிவப்பு விழுந்ததைப் பார்த்தும் பார்க்காமல் அதே வேகத்தில் போய்க் கடைசியில் பிரேக் மிதித்தால், காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுக்க பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. முன்னால் போகும் எம்.டி.சி. பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை முன்கூட்டியே நினைத்துக் காலை எடுத்துவிட்டால் பிரேக்குக்கு வேலையே வராது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லவேண்டும். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று ஓட்டுநர்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால், எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியாகவேண்டும். ஆக மிச்சம் பண்ணுவதாக நினைத்துச் செலவு செய்கிறோம். அது போக, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் இறங்குவதால் பிரேக்கை மட்டுமே நம்பவேண்டியிருக்கிறது. ரங்கராஜபுரம் மேம்பாலத்தில் இறங்கும்போது நான் மூன்றாவது கியரில் விட்டுவிடுவேன், வண்டி தானாகவே அடங்கி வரும்.

சின்ன எஞ்சினுக்கு ஏ.சி. ஒரு பாரம், அதை மறைக்கமுடியாது. நாலு பேரோடு, ஏ.சி. போட்டு, மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நின்று புறப்படும்போது வண்டி திணறும். ஹாஃப் கிளட்சில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், கிளட்ச் ப்ளேட் கருகும். ஹாண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். புறப்படும்போது கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கும். சக்கரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். இந்த எடையில் இந்த டயரில் அஞ்சு பவுண்டு குறைந்தாலும் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால் ஆறேழு சதவீதம் மைலேஜ் போகவேண்டும், எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் போயிருக்கிறது. அதைவிட என் கவலை ரப்பர். 2008-இல் செய்த வண்டியின் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவைக்காகச் செய்தவை இல்லை. பாயிடம் சொன்னேன்.

பாய் எங்கள் மெக்கானிக். கோடம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் பட்டறை. பெரியப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். போனட்டைத் தூக்கி, பெட்ரோல் குழாயை இரண்டு விரலால் அழுத்தி வளைத்துக் காட்டினார். வளைவின் மேல்பக்கத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு.

“பாத்தியாம்மா? இன்னும் லீக் ஆவல. ஆனா ஆவும். மாத்திடலாம், பெரிய செலவு இல்ல.”

“பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் பாய்?”

“அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. வண்டிய சும்மா நிறுத்தி வெக்காத. ஓட்டிக்கினே இரு. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினோம்?”

“நீங்கதானே பாய் மாத்தினீங்க.”

“அப்ப சிட்டைய எடு. எழுதித்தான் குடுத்திருப்பேன்.”

அந்தச் சிட்டை டேஷ்போர்டுக்குள்தான் இருக்கிறது. பாயின் கையெழுத்தில் என்ன மாற்றினது, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர். பழைய சின்ன காரைச் சிக்கனமாக வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ரப்பர். அறுந்தால் நடுரோட்டில் எஞ்சின் நின்றுவிடும், முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. தேதி தெரிந்தால் முன்கூட்டியே மாற்றலாம். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்டியரிங் ராக் என்று சான்ட்ரோவில் அடிக்கடி கை வைக்கும் இடங்கள் சில உண்டு. பள்ளத்தில் இறங்கினால் ‘கட கட’ என்று வரும் சத்தம் பெரும்பாலும் அந்த இடங்களிலிருந்துதான் வரும். பாகங்கள் விலை அதிகமில்லை, கிடைப்பதும் கஷ்டமில்லை. பாய் திறந்து பார்த்துத் தொட்டுச் சொல்லக்கூடிய வண்டி இது. சென்சாரும் திரையுமாக உள்ள வண்டியில் அவரால் இப்படிச் செய்யமுடியவில்லை என்று அவரே சொல்கிறார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தக் கைகளுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தது கொஞ்சமில்லை.

மழைக்காலம் தனி விஷயம். மாம்பலம் பள்ளமான பகுதி. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் கார்கள் சீட் மட்டத்துக்கு முழுகி நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்திருப்பீர்கள். பட்டவர்களுக்குத்தான் அது தெரியும். தேங்கின தண்ணீரில் வண்டி நின்றுபோனால் ஒன்றே ஒன்றுதான் செய்யவேண்டும்: மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப்போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்த மறுநாள் ஆசையாக ஸ்டார்ட் செய்து பார்த்தார், அத்தோடு எஞ்சின் முடிந்தது. சாதாரண இன்சூரன்சில் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று தனியாக ஒன்றைச் சேர்க்கவேண்டும். புது வண்டி வாங்குகிற சென்னைக்காரர்கள் யாரும் இதை விடவேண்டாம். என் வண்டியின் வயதுக்கு அது கிடைக்காது, அதனால் நவம்பர் பிறந்ததும் வானிலை அறிக்கை பார்த்து வண்டியை மேட்டுப் பக்கம் உள்ள அத்தை வீட்டில் விட்டுவிடுவேன். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் இறக்குவதே இல்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் சின்ன காரைப் புகழ்வது நியாயமில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தது: ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத மாடல்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். என் சான்ட்ரோ அதைவிடப் பழைய வடிவம். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. புது வண்டிகளில் ஏ.பி.எஸ்., ஓட்டுநருக்கு ஏர்பேக் இரண்டும் கட்டாயமானது 2019-இல்தான். அதனால் இந்த வண்டிக்கு நான் எல்லை போட்டிருக்கிறேன். ஊருக்குள் நாற்பது, ஐம்பதில் போய்வருவதற்கு. பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டாகவேண்டும், அம்மாவுக்கும் விலக்கு இல்லை. காஞ்சிபுரம் என்றால் பகலில், இடது பக்கத்து லேனில், எண்பதைத் தாண்டாமல். இரவில் பைபாஸ் கிடையாது. மதுரைக்கு வைகை இருக்கிறது, பாண்டியன் இருக்கிறது. சின்ன காரை அதற்கு ஏற்ற இடத்தில் ஓட்டுவதும் சிக்கனத்தில் சேர்த்திதான்.

எங்கள் ஊர் சின்ன கார்களைச் செய்த ஊர் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமை. இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ, 2007-இல் ஐ10. மறைமலை நகரில் 2010-இல் ஃபிகோ. அதே வருஷம் ஒரகடத்தில் மைக்ரா, 2015-இல் க்விட். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போனால் டிரெய்லர்களில் இரண்டு அடுக்காகக் கார்கள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பல நாடுகளின் சந்துகளில் நம் ஊர் வண்டிகள் ஓடின. அவற்றில் பல இன்று இல்லை. ஜிங்கை 2014 கடைசியில் நிறுத்தினார்கள். 2018-இல் புது சான்ட்ரோ வந்தது, 2022-இல் அதுவும் போனது. மைக்ராவும் ஃபிகோவும் போயின. வேறு ஊரில் செய்த ஆல்டோ 800-ஐயும் 2023-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் போயின என்பதற்கு விலை, ஆசை, கடன் கிடைக்கும் சுலபம் என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் உண்மைதான். எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் எது என்பதற்கு வைத்த அளவு: நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள். ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்த அளவு நிலைத்தது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு வரியை 18 சதவீதமாக்கியபோதும் அதே அளவுதான். அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கெய் சட்டம் அகலத்தையும் கட்டியது. நம் சட்டம் நீளத்தை மட்டும் கட்டியது. நம் கம்பெனிகள் என்ன செய்யும்? 3,995 மில்லிமீட்டரில் வெட்டி நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பரவின. நெக்ஸானைப் பாருங்கள்: நீளம் 3,995, அகலம் 1,804. வரிக்கணக்கில் அது சின்ன கார். எங்கள் ஆறடி கேட்டில் அது நுழையாத குறைதான். அகலத்துக்கும் ஒரு எல்லை வைத்து, 1.6 மீட்டருக்குள் இருக்கும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் சலுகை கொடுத்திருந்தால், இன்றைக்குப் பாதுகாப்பாகவும் ஒடுங்கலாகவும் எத்தனை வண்டிகள் வந்திருக்கும்! பொறியாளர்களுக்கு அது முடியாத காரியம் இல்லை. பழைய மாம்பலம், மயிலாப்பூர் மாட வீதிகள், திருவல்லிக்கேணி, மதுரை மாசி வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகள், கும்பகோணம் அக்ரகாரங்கள் எல்லாம் அகலமாகப் போவதில்லை. வண்டிதான் ஊருக்குத் தகுந்து வரவேண்டும்.

என் வண்டிக்குப் பதினைந்து வருஷம் 2023-இல் முடிந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோய், பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். கட்டணம் ஐயாயிரம். அதற்கு முன் பாய் ஒரு வாரம் வைத்து அடிப்பக்கத் துருவைச் சுரண்டி, தகடு வைத்து வெல்டு செய்து, பெயிண்ட் அடித்துத் தந்தார். 2028-இல் மறுபடி போகவேண்டும். இருபது வருஷம் தாண்டிய காருக்கு இப்போது கட்டணம் பத்தாயிரம்.

அதற்குள் மாற்றுவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தவரை இரண்டு வண்டிகள்தான் எங்கள் தெருவுக்குச் சரிப்படும். ஆல்டோ கே10: அகலம் 1,490, ஆறு ஏர்பேக், லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கு. ஆனால் சீட் தாழ்வு. அம்மா உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். வேகன் ஆர்: அகலம் 1,620, உயரம் 1,675, அதிலும் இப்போது ஆறு ஏர்பேக். 2024-25 நிதியாண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற காரும் அதுதான். உயர உட்கார வைக்கும் அந்த ஜப்பான் யோசனை இன்னும் சாகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். அம்மா அதில் சிரமமில்லாமல் ஏறி இறங்கினார். கேட்டில் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கிடைக்கும், பழகிக்கொள்ளலாம்.

பாயிடம் கேட்டேன். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “அடியில போன தடவ அடிச்ச வெல்டு நல்லா நிக்குது. எஞ்சின்ல கம்ப்ரெஷன் இருக்கு. 2028 வரிக்கும் கேரண்டி. அதுக்கப்புறம் ஏர்பேக் உள்ள வண்டியா வாங்கிடும்மா. அம்மாவக் கூட்டிக்கினு போறல்ல.”

அதையே முடிவாக வைத்துக்கொண்டுவிட்டோம். டைமிங் பெல்ட் அடுத்த மாதம் மாற்றவேண்டும், சிட்டையில் தேதி குறித்தாயிற்று.